முக்கால் கார்

சில காலை வேளைகளில் சாலைச் சந்திப்பில் இரண்டு இளைஞர்களைப் பார்க்கலாம். மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டை வைத்து, போகிற வண்டிகளுக்கெல்லாம் கோடு கிழித்துக்கொண்டிருப்பார்கள். நான்கு கோடு நிமிர்ந்து நின்றால் ஐந்தாவது குறுக்கே விழும். இப்போது இந்த வேலையைப் பெரும்பாலும் கேமரா பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் ஆள் வைத்து எண்ணுவது முற்றிலும் போய்விடவில்லை. சென்னை ஆற்காடு சாலையில் ஒருநாள் சிக்னலுக்கு நின்றபோது எட்டிப் பார்த்தேன். பேருந்து, லாரி, கார், ஆட்டோ, சைக்கிள் என்று கட்டங்கள். டூவீலர் கட்டத்தில் மட்டும் இடம் போதாமல் கோடுகள் பக்கத்துக் கட்டத்துக்குள் வழிந்திருந்தன. அதில் ஒரு கோடு நான்.

தாள் மேசைக்குப் போனதும் ஒரு பெருக்கல் நடக்கும். லாரியும் சைக்கிளும் ஒரே அளவு இடத்தை அடைப்பதில்லை. ஆகவே வண்டிகளின் தலையை எண்ணி மட்டும் ஒரு சாலையின் நெரிசலைச் சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்றியாக வேண்டும். அந்த நாணயம் கார். பொறியாளர்கள் பேசஞ்சர் கார் யூனிட் என்பார்கள், பேச்சில் பி.சி.யு. கார் என்றால் 1, மற்ற வண்டியெல்லாம் எத்தனை கார் என்பதுதான் கேள்வி. அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 1965ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த யோசனை வந்தபோது அதற்கு நியாயம் இருந்தது. அந்த ஊர்ச் சாலையில் ஓடியது பெரும்பாலும் கார். நடுவே, ஏற்றத்தில் முக்கி முனகும் லாரிகள். லாரியைக் காராக மாற்றத் தெரிந்தால் போதுமாயிருந்தது.

நம் ஊருக்கு அது வந்தபோது கார்தான் சிறுபான்மை. இருந்தும் நாணயம் மாறவில்லை. சாலைப் பொறியியலுக்கு விதிநூல் எழுதும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (இதற்கும் கட்சிக்கும் தொடர்பில்லை, 1934இல் தொடங்கிய பொறியாளர் அமைப்பு) 1990இல் நகரச் சாலைகளின் கொள்ளளவு பற்றித் தன் 106ஆம் எண் வழிகாட்டியை வெளியிட்டது. அதில் ஒரு சின்ன அட்டவணை. மொத்தப் போக்குவரத்தில் இருசக்கர வண்டிகள் 5 சதவீதம் இருந்தால் ஒவ்வொன்றும் 0.5 கார். 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 0.75 கார். பேருந்துக்கு 2.2, அல்லது 3.7. சைக்கிளுக்கு 0.4, அல்லது 0.5.

ஆக, அட்டவணைப்படி நான் முக்கால் கார்.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை உறுத்துகின்றன. ஸ்கூட்டர்கள் கூடக் கூட ஒவ்வொரு ஸ்கூட்டரும் பருத்துக்கொண்டே போகிறது என்பது ஒன்று. கூட்டமாக வந்தால் வளைந்து நெளிந்து மற்ற வண்டிகளைத் தடுக்கும் என்று நினைத்திருக்கலாம். அதைவிடப் பெரிய உறுத்தல், அட்டவணை 10 சதவீதத்தோடு நின்றுவிடுவது. தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இருசக்கரம். இப்படி ஒரு சாலையை ‘10 சதவீதமும் அதற்கு மேலும்’ என்ற கட்டத்துக்குள் அடைப்பது, நெல் வயலுக்குப் போய் ‘புல் அதிகம்’ என்று எழுதிவிட்டு வருவது மாதிரி.

தரையில் அளந்தால் வேறு படம் கிடைக்கிறது. சதீஷ் சந்திரா, உபேந்திர குமார் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் பயன்படுத்திய முறை, பிறகு இந்திய ஆய்வுகளில் பரவலாகப் புழங்கியது. இரண்டே இரண்டு விஷயங்களைத்தான் அது பார்க்கிறது: வண்டி எவ்வளவு வேகமாக இடத்தைக் காலி செய்கிறது, எவ்வளவு தரையை மூடுகிறது. காரின் பரப்பு 5.39 சதுர மீட்டர், இருசக்கர வண்டியின் பரப்பு 1.20 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஸ்கூட்டர் 0.22 கார். கார் 50 கிலோமீட்டர் வேகத்திலும் ஸ்கூட்டர் 40இலும் போனால் 0.28. எப்படிப் பார்த்தாலும் கால் காரை ஒட்டித்தான் நிற்கிறது, முக்காலை எட்டுவதில்லை.

அந்த 5.39 சதுர மீட்டர் கார்கூடப் பழைய காலத்து ஒல்லிக் கார்தான். இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து வெளியே வரும் கிரெட்டா 4.3 மீட்டர் நீளம், 1.79 மீட்டர் அகலம், பெருக்கினால் 7.7 சதுர மீட்டர் வருகிறது. அதற்கும் அட்டவணையில் 1தான். கார் பருத்தால் அலகே பருத்துவிடும். அதை யாரும் தனியாக எழுதுவதில்லை.

எண்ணாகப் பார்த்தால் விளங்கும். நடுவே மீடியன் வைத்த நான்கு தடப் பெருஞ்சாலைக்கு மணிக்கு 3600 பி.சி.யு. என்கிறது அதே வழிகாட்டி. அதில் மணிக்கு 4000 ஸ்கூட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணைப்படி 3000 கார் ஆகிவிட்டது, சாலை நிரம்பப் போகிறது. பரப்புக் கணக்கில் 880. கால் பங்குகூட நிரம்பவில்லை. அலகை மாற்றினால் கொள்ளளவையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்று பொறியாளர் சொல்வார். சரிதான். ஆனாலும் முதல் கணக்கைப் பார்ப்பவர் மேம்பாலம் கேட்பார், இரண்டாவதைப் பார்ப்பவர் வேறு ஏதாவது யோசிப்பார். மேம்பாலம் எனக்காகத்தான் வருகிறது என்று கோப்பு சொல்லும். ஏறிப் பார்த்தால் காருக்காகக் கட்டியதாக இருக்கும்.

இதையெல்லாம் சென்னையில் யாரும் கவனிக்காமல் இல்லை. ஐ.ஐ.டி.யில் போக்குவரத்துப் பொறியியல் கற்பித்த பேராசிரியர் வி. தமிழரசன், நம் சாலைகளைத் தடங்களாகப் பிரித்து எண்ணுவதில் பொருளில்லை என்பதை அடிப்படையாக வைத்து மாதிரிகளை உருவாக்கினார். இங்கே யாரும் தடத்தில் போவதில்லை. அதனால் சாலையின் மொத்தப் பரப்பில் எவ்வளவு பரப்பு, எவ்வளவு நேரம் மூடப்பட்டிருக்கிறது என்று அளப்பதே சரி என்பது அவரும் அவர் மாணவர்களும் முன்வைத்த வழி. ஸ்கூட்டர் ஓட்டுகிற எவருக்கும் இது சொல்லித் தர வேண்டிய பாடமில்லை. வளசரவாக்கத்திலிருந்து தேனாம்பேட்டை போகும் ஒருவர் ஒரு காலையில் தடம் பார்க்கிறாரா? பரப்புதான் பார்க்கிறார். பேருந்தின் பின்சக்கரத்துக்கும் மீடியனுக்கும் நடுவே எழுபது சென்டிமீட்டர் தெரிகிறதா என்று பார்க்கிறார். ஸ்கூட்டரின் அகலம் அவ்வளவுதான். கண்ணாடி இடிக்குமா என்பது மட்டும் மிச்சக் கவலை.

சிவப்பு விழுந்ததும் நடப்பதைப் பாருங்கள். முதலில் நிற்பது கார்கள். அப்புறம் அவற்றின் இடுக்குகளில் ஸ்கூட்டர்கள் ஒவ்வொன்றாக முன்னால் வரும். பொறியாளர்கள் இதற்குக் கசிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர். கூழாங்கல் நிரப்பிய பாத்திரத்தில் மணலைக் கொட்டுவது மாதிரி. அறுபது விநாடிகளில் ஸ்டாப் லைனைத் தாண்டி, நடப்பவர்களுக்கான வரிக்கோட்டின் மேலேயே ஒரு படை திரண்டுவிடும். எதிர்ப்பக்கம் மஞ்சள் விழும்போதே ஆக்சிலரேட்டர் முறுகும். பச்சையின் முதல் சில விநாடிகளில் அந்தப் படை முழுவதும் சந்திப்பைத் தாண்டியிருக்கும். பின்னால் இருக்கும் முதல் கார் அப்போதுதான் அசையும். வெளியூரிலிருந்து வருபவருக்கு இது ஒழுங்கீனமாகத் தெரியும். ஒழுங்கீனம்தான். ஆனால் இந்தக் கசிவு ஒருநாள் நின்று, ஒவ்வொரு ஸ்கூட்டரும் ஒரு காருக்குப் பின் ஒன்றாக வரிசையில் நின்றால், வடபழனி சிக்னல் வரிசையின் வால் போரூருக்குப் போய்விடும். காரில் இருப்பவர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்கு ஸ்கூட்டர்காரரின் இந்த ஒழுங்கீனமும் ஒரு காரணம். அதற்கு நன்றி வேண்டாம், ஹார்ன் அடிக்காமல் இருந்தால் போதும்.

சென்னை இப்படி ஸ்கூட்டர் நகரமானது ஒரே நாளில் நடந்ததில்லை. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. கல்யாணப் பேச்சில் ‘அலாட்மென்ட் வந்தாச்சு’ என்பது ஒரு தகுதி. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, காய்கறிக் கூடையையும் பால் கேனையும் வண்டியில் ஏற்றியது. 1984இல் வந்த கைனெடிக் ஹோண்டாவில் கியர் இல்லை, உதைக்கவும் வேண்டாம், பொத்தானை அழுத்தினால் கிளம்பும். புடவையோடு ஓட்டலாம். தொண்ணூறுகளில் ஸ்கூட்டி, 2001இல் ஆக்டிவா. கால் வைக்கத் தட்டையான பலகை, இருக்கைக்கடியில் டிக்கி, முன்னால் மளிகைப் பை மாட்ட ஒரு கொக்கி. அந்தக் கொக்கியைப் பற்றி யாராவது தனியாக ஆராய வேண்டும். காலையில் பிள்ளையின் டிபன் பை, மாலையில் கீரைக்கட்டு, நடுவே அலுவலகம். பேருந்து, வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் ஒற்றைக் கோட்டுக்குப் போட்ட வழித்தடம். பள்ளி, மருந்துக்கடை, அம்மா வீடு என்று நான்கு இடத்தில் இறங்கி ஏறும் பெண்ணுக்கு அந்தக் கோடு உதவாது.

அரசாங்கத்துக்கும் இது தெரிந்திருந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் 2018 பிப்ரவரியில் தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பேருந்துக் கட்டணம் உயர்ந்து, மாநகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆகியிருந்தது. திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கை பேருந்திலிருந்து இறக்கிவிட்டது, இன்னொரு கை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டது. சாலையில் அந்த வண்டிக்கென்று ஓர் அடி இடம் ஒதுக்க மூன்றாவது கை வரவில்லை. 2021இலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நிறையப் பேர் திரும்பி ஏறினார்கள். கொக்கியில் பை மாட்டியவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

ஆண்களின் கணக்கும் எளிது. லிட்டருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியில் நூறு ரூபாய்ப் பெட்ரோல், கிலோமீட்டருக்கு இரண்டே கால் ரூபாய். பதினைந்து கிலோமீட்டர் போய் வர எழுபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். நேரத்தையும் சேர்த்தால் போட்டியே இல்லை.

இனி சாலையைப் பார்ப்போம். அண்ணா மேம்பாலம் 1973இல் திறந்தபோது சென்னைக்கு அது வேடிக்கைப் பொருள். தொண்ணூறுகளின் கடைசியில் வரிசையாகப் பல பாலங்கள் வந்தன. 2008இல் கத்திப்பாரா. வளைந்து ஏறி இறங்கும் அந்தச் சுருளில் ஸ்கூட்டரில் முதல்முறை போகிறவர் எந்த வாயில் எந்தச் சாலைக்கு என்று நிமிர்ந்து பலகையைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. பின்னால் விமான நிலையத்துக்கு விரையும் கார் விளக்கை அணைத்து அணைத்துப் போடும். இருந்தாலும் சென்னையில் நம்மை ஏறவாவது விடுகிறார்கள். மும்பையில் 2009இல் திறந்த கடல் பாலத்தில் இருசக்கர வண்டிக்கு அனுமதியில்லை. 2024இல் திறந்த அடல் சேதுவிலும் இல்லை, அதே ஆண்டு திறந்த கடற்கரைச் சாலையிலும் இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் நடுத் தடங்களில் 2023 ஆகஸ்ட் முதல் தடை. பாதுகாப்புக்காக என்பது எல்லா இடத்திலும் ஒரே பதில். அந்த வேகத்தில் ஓடும் கார்களுக்கு நடுவே ஸ்கூட்டர் ஆபத்து என்பது உண்மைதான். அப்படியானால் அந்தப் பாலத்துக்குச் செலவான பொதுப் பணத்தில் ஸ்கூட்டர்காரரின் பங்குக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

தரைமட்டத்தில் பிரச்சினை வேறு. மெட்ரோவின் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ஆற்காடு சாலையில் சில ஆண்டுகளாகப் பேரிகேட்களுக்கு நடுவே மிஞ்சியதுதான் சாலை. பத்து அங்குலச் சக்கரத்துக்குப் பள்ளத்தின் ஆழம் வேறு, கார்ச் சக்கரத்துக்கு வேறு. காரில் ‘தடக்’ என்று கேட்பது ஸ்கூட்டரில் கையைப் பிடுங்கும். தார் மேல் தார் போட்டு உயர்ந்த சாலையில் பாதாளச் சாக்கடை மூடி மட்டும் பழைய மட்டத்திலேயே, கிண்ணம் போல இறங்கிக் கிடக்கும். புதுத் தார் போடுவதற்கு முன்பு பழையதைச் சுரண்டுவார்கள். மில்லிங் என்று பெயர். சீப்பு இழுத்தது போல நீளநீளமாகப் பள்ளக் கோடுகள். அதன் மேல் ஏறியதும் வண்டி தானாக இடதும் வலதுமாக அலையும். பிரேக் பிடித்தால் மோசம், பிடிக்காவிட்டால் முன்னே லாரி. இரண்டு வாரம் அப்படியே கிடக்கும் சாலையில் நான் ஒருமுறை விழுந்திருக்கிறேன். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. தூக்கிவிட்டவர் சொன்னார்: “நேத்து இதே எடத்துல ரெண்டு பேரு சார்.” அந்த இடத்தில் பலகை ஒன்றும் இல்லை.

தேசியக் கணக்கில் இது இப்படித் தெரிகிறது: 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 74,897 பேர், அதாவது 44.5 சதவீதம், இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் இங்கே ஹெல்மெட் கண்டிப்பானது. ஹெல்மெட் உயிரிழப்பை 42 சதவீதம் குறைக்கும் என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. போட்டே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஸ்கூட்டர்காரரின் பாதுகாப்பு என்றால் அவர் தலையில் என்ன இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சக்கரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சோதிக்க மடக்கி நிறுத்தும் ஆள் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் சொன்னதால் ஸ்கூட்டர்காரர் உத்தமர் என்று ஆகிவிடாது. சாலை அடைத்தால் நடைமேடையில் ஏறுகிறவர் அவர்தான். 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, பல தெருக்களில் அகலமான நடைமேடை போட்டது. இரும்புக் குமிழ்த் தூண்களை நட்டதெல்லாம் நம்மைத் தடுக்கத்தான். இரண்டு தூணுக்கு நடுவே சக்கர நாற்காலி நுழையும் இடைவெளி விட்டால் நாமும் நுழைந்துவிடுவோம். கார் நமக்குச் செய்வதைக் குறைந்த எடையில் நாம் நடப்பவருக்குச் செய்கிறோம். யூ-டர்னுக்கு அரை கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் எதிர்த்திசையில் வருகிறோம். இதற்குச் சாலை வடிவமும் பாதிக் காரணம். மீதிப் பாதி நாம்.

பேருந்து முன்னால் நின்றால் என் வாதமே கொஞ்சம் தள்ளாடுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பழைய அட்டவணையில் பேருந்து அதிகபட்சம் 3.7 கார். அறுபது பேர் இருந்தால் ஒரு பி.சி.யு.வுக்குப் பதினாறு பேர். ஸ்கூட்டரைக் கால் காருக்கும் கீழே, 0.22 என்று இறக்கி, ஓட்டுநர் மட்டும் போவதாக வைத்தால் நாலரைப் பேர். கார் ஒருவரோ ஒன்றரைப் பேரோ. வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லிவிட்டது. ஒரு கோடிப் பேர் நகரத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் மாநகரப் பேருந்துகள் என்றால், மிச்சப் பேர் தாங்களே ஒரு வண்டி வாங்கி அந்தப் பற்றாக்குறையை அடைத்திருக்கிறார்கள். மாதத் தவணையும் அவர்களே கட்டுகிறார்கள்.

தனித் தடம் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் மலேசியாவைக் காட்டுவார்கள். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் எழுபதுகளின் தொடக்கத்திலேயே மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை வந்தது. கிள்ளான் பக்கத்துத் தமிழர்கள் தலைமுறையாக ‘மோட்டாரில்’ வேலைக்குப் போகும் வழி அது. 1993இல் அந்தப் பாதை நீண்ட பிறகு மோட்டார் சைக்கிள் விபத்து சுமார் 39 சதவீதம் குறைந்ததாக ராடின் உமர் என்ற மலேசிய ஆய்வாளரின் குழு கணக்கிட்டது. ஆனால் அது குறுக்குத் தெரு குறைந்த நெடுஞ்சாலை. பத்தடிக்கு ஒரு கடையும் இருபதடிக்கு ஒரு சந்தும் உள்ள ஆற்காடு சாலையில் தனித் தடம் போட்டால், மாலைக்குள் அது இளநீர் வண்டியும் பார்க்கிங்கும் ஆகிவிடும்.

எனக்குத் தைவான் வழி பிடித்திருக்கிறது, செலவு குறைவு. தைபேயின் சந்திப்புகளில் கார்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர்களுக்கென்று ஒரு பெட்டி வரைந்திருக்கிறார்கள். சிவப்பில் ஸ்கூட்டர்கள் முன்னே வந்து அதில் நிற்கும். நாம் செய்யும் அதே கசிவுதான், வெள்ளைப் பெயிண்டோடு. கார்களின் ஸ்டாப் லைனை ஐந்து மீட்டர் பின்னே தள்ளினால், நாம் நிற்க ஒரு பெட்டியும் நடப்பவருக்கு அவருடைய வரிக்கோடும் கிடைக்கும். ஐந்து மீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு காரின் நீளம். அந்த ஒரு காரைப் பின்னே தள்ளுவதுதான் கஷ்டம்.

போன ஐப்பசியில் ஒரு மாலை, வடபழனி மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்கினேன். பெருமழை பிடித்த இரண்டாவது நிமிடத்தில் ஸ்கூட்டர்கள் எல்லாம் பாலத்தடிக்கு வந்துவிடும். அந்தப் பாலங்கள் நமக்கு உபயோகப்படுவது அப்போதுதான். ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரச, தூணிலிருந்து தூண்வரை அடைத்து நின்றோம். ஒருவர் டிக்கியைத் திறந்து ரெயின்கோட்டைத் தேடினார். கொக்கியில் மாட்டிய பையிலிருந்து ஒரு பெண் பிள்ளைக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்தார். பின்னால் ஹார்ன் கேட்டது. போக்குவரத்துக் காவலர் மழைக்கோட்டோடு உள்ளே வந்தார்.

“சார், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. ஒரு லேன் விடுங்க, கார் போவணும்.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கித் திருப்பி, இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டோம். வெள்ளைக் கார் ஒன்று கண்ணாடி ஏற்றியபடி மெல்லக் கடந்து போனது. அது போன இடத்தில் மழையில் நனைந்துகொண்டிருந்த நான்கு ஸ்கூட்டர்கள் உள்ளே வந்து நின்றன.